அற்றோணித் தத்துவம் கையில் இருந்தால் கோட்டில் கதைக்கலாமா?

கத்தாரில் வேலை செய்யும், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்த் தம்பி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கித் தருகிறேன். இவருக்கும் இவருடைய சித்தப்பாவுக்கும் காணி எல்லையில் தகராறு, வழக்கு வைக்கவேண்டிய நிலை. ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் 25 வருடம் கிளாக்காக இருந்தவர். பெட்டிசம், பொலிஸ் முறைப்பாடு, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எல்லாம் ஊருக்கே அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவர், "எனக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பு மகன், லோயருக்குக் கொட்டிக் கொடுக்காதே, நானே கோட்டில் கதைக்கிறேன்" என்கிறாராம். கோடு என்றால் நீதிமன்றம், அற்றோணித் தத்துவம் என்றால் நமக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் துண்டுக் காணியை வாங்கியபோதும் அவரே முத்திரை ஒட்டி எக்ரிமென்ட் எழுதிக் கையெழுத்தும் வாங்கித் தந்தாராம். பெரியவர் லோயர் இல்லை, ஆனால் பல லோயர்மாரைவிட விஷயம் தெரிந்தவர், சட்டம் இதற்கு இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

தம்பி ஒரு கேள்வி கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் கேட்டிருப்பது, அவருக்காகக் கோட்டில் யார் நிற்கலாம், அவருடைய காணிக்கு யார் எழுதலாம், அந்தப் பெரியவர் செய்வது குற்றமா இல்லையா என்று. இதில் அவர் கேட்காமலே விட்ட நடுக் கேள்விதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். நான் மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாகத் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன், உறுதி என்னும் காணிப் பத்திரங்களை எழுதி முடிக்கும் நொத்தாரிசும்கூட. என் வேலை பெரும்பாலும் காணியும் குடியியல் வழக்கும்தான், குற்றவியல் பக்கம் எப்போதாவதுதான் போவேன், அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. இலங்கையில் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்குவது உயர் நீதிமன்றம் மட்டும்தான். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நற்பெயரும் போதிய அறிவும் திறமையும் உள்ளவர்களை உயர் நீதிமன்றம் சட்டத்தரணியாகச் சேர்த்துப் பெயர் பதியலாம் என்கிறது. 41ஆம் பிரிவு, அப்படிப் பெயர் பதிந்தவர் எந்த நீதிமன்றத்திலும் கட்சிக்காரருக்காகத் தோன்றலாம், வாதாடலாம் என்கிறது. நம் அம்மம்மாமார் இன்னும் வாதாடுபவரை அப்புக்காத்து, கடதாசி வேலை பார்ப்பவரைப் பிறக்கிராசியார் என்று பிரித்துச் சொல்வார்கள் அல்லவா, அது 1973இல் வந்த நீதி நிர்வாகச் சட்டத்தோடு முடிந்த கதை. 1974 தொடக்கத்திலிருந்து இரண்டு வகையும் ஒன்றாகி எல்லாரும் சட்டத்தரணிகள். ஆனால் பழக்கம் போகவில்லை. இன்றும் ஒரு வழக்கில் புரொக்சி (கட்சிக்காரர் லோயரை நியமிக்கும் பத்திரம்) போட்டுக் கடதாசி வேலை பார்க்கும் லோயர் ஒருவர், எழுந்து வாதாடும் லோயர் இன்னொருவர் என்று இருப்பார்கள், உங்களுக்கு இரண்டு பீஸ் வருவதும் அதனால்தான்.

சட்டம் படித்தவர் வேறு, சட்டத்தரணி வேறு. பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் எடுத்தாலும் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் பரீட்சையைத் தாண்டி, ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் பயிலுநராக இருந்து, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தால்தான் கறுப்புக் கோட்டுக்கு அர்த்தம். அதற்கு முதல் நாள் வரை உங்கள் மகள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் கோட்டில் எழுந்து ஒரு தவணை கேட்கக்கூட உரிமை இல்லை. (இடையில் ஒன்று: சட்டக் கல்லூரிப் படிப்பையும் பரீட்சையையும் ஆங்கிலத்தில் மட்டும் வைக்க 2020 கடைசியில் ஒரு வர்த்தமானி வந்தது, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. அது நிறைவேறியிருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வாசலிலேயே நின்றிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன்.)

இப்போது அற்றோணித் தத்துவத்துக்கு வருவோம். குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சட்டத்தரணியையும் அற்றோணி என்பார்கள், ஒருவர் எழுதிக் கொடுத்த தத்துவத்தை வைத்திருப்பவரையும் அற்றோணி என்பார்கள். அந்தப் பெரியவர் 25 வருடம் கந்தோரில் இருந்தவர், இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும் அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 24ஆம் பிரிவுப்படி, வழக்காளி கோட்டில் செய்யவேண்டியதை அவரே செய்யலாம், அவருடைய அங்கீகரிக்கப்பட்ட முகவர் செய்யலாம், அல்லது சட்டத்தரணி செய்யலாம். அந்த முகவர் யார் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது: அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வசிக்காத ஒருவர், இப்படித் தோன்றுவதற்கு என்றே எழுதிக் கொடுத்த பொது அற்றோணித் தத்துவத்தை வைத்திருப்பவரும் அதில் அடக்கம். தம்பி, நீங்கள் கத்தாரில் இருக்கிறீர்கள், ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் வேலையை விட்டுத் திருக்கோவிலுக்கே வந்து குடியேறினால் அந்தக் கதவு மூடிவிடும், அக்கரைப்பற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் வீட்டில் இருந்துகொண்டு இன்னொருவரை முகவராக அனுப்ப முடியாது.

ஆனால் அதே 24ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. சட்டத்தரணி மட்டுமே செய்யலாம் என்று வேறு சட்டம் ஒதுக்கிய காரியத்தை முகவர் செய்ய முடியாது. ஆகவே முகவர் உங்களுக்குப் பதிலாகப் புரொக்சியில் ஒப்பமிட்டு ஒரு சட்டத்தரணியை நியமிக்கலாம், காசு கட்டலாம், உறுதிப் பிரதி எடுக்கலாம், வழக்குக் கூப்பிடும்போது வந்து நிற்கலாம். இதில் பிரச்சினை இல்லை. எழுந்து நின்று எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, சட்டம் சொல்லி வாதாடுவது என்று வரும்போது கதை மாறும். இந்த எல்லைக்கோடு எந்த அடியில் விழுகிறது என்பதில் வாதம் பண்ண இடம் உண்டு, நான் மறுக்கவில்லை. என் அனுபவத்தில் எந்த நீதிபதியும் அதற்கு இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, கட்சிக்காரரே நேரில் வரவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடவும் அந்தப் பிரிவு இடம் விட்டிருக்கிறது. அப்போது நீங்கள் டிக்கெட் எடுத்து வரத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்து சத்தியக்கடதாசியில், அதாவது சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தில். எல்லைச் சண்டை முற்றி அடிதடி வரும்போல் ஆனால் பொலிஸ் அதை 66 வழக்காகக் கோட்டில் போடும். நம் பக்கத்தில் அறுபத்தாறு என்றாலே எல்லாருக்கும் தெரியும், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. அதில் பெரும்பாலும் சாட்சி ஏறுவதில்லை, சத்தியக்கடதாசியையும் ஆவணத்தையும் வைத்தே, வழக்குப் போட்ட திகதியில் காணி யாருடைய ஆட்சியில் (கைவசத்தில்) இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது யாரையாவது வெளியேற்றினார்களா என்று பார்ப்பார்கள். உங்கள் வேலியை உங்கள் சித்தப்பா எந்தக் காலையில் பிடுங்கினார் என்று அந்தப் பெரியவர் கண்ணால் பார்த்தாரா? பார்க்காதவர் உங்களுக்காகச் சத்தியம் செய்த கடதாசியை எதிர்த்தரப்பு லோயர் இரண்டு நிமிடத்தில் கிழித்துவிடுவார். காணியில் இருக்கும் உங்கள் மனைவியோ தாயோ, பார்த்த ஆள் யாரோ, அவரே சத்தியக்கடதாசி கொடுப்பதுதான் பலம்.

புரொக்சி பற்றியும் ஒரு சொல். ஒரு சட்டத்தரணிக்குப் புரொக்சி கொடுத்துவிட்டால், அதை நீதிமன்ற அனுமதியோடு திரும்பப் பெறும் வரை வழக்கின் கடதாசி எல்லாம் அவர் மூலமாகத்தான் போகவேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்தால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள். புரொக்சியில் பெயர் உள்ளவர் இருக்க வேறு கை ஒப்பமிட்டதால் நல்ல மேன்முறையீடுகள் வாசலிலேயே தள்ளுபடியான கதைகள் உண்டு. அனுபவசாலிப் பெரியவர்கள் வழுக்குகிற இடம் இதுதான்.

சரி, இப்போது எனக்குப் பயமாக இருக்கும் விஷயம், அந்த எக்ரிமென்ட். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவுப்படி காணியை விற்பது, ஈடு வைப்பது மட்டும் என்றில்லை, விற்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் ஒப்பந்தம்கூட, எழுத்தில் இருந்து, நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட்டால்தான் செல்லும். முத்திரை எத்தனை ஒட்டினாலும் இந்தக் குறை தீராது. நொத்தாரிசு என்பவர் சட்டத்தரணியாக இருந்து, அதற்கு மேல் நொத்தாரிசு அதிகாரப் பத்திரமும் பெற்றவர், எந்தப் பிரதேசத்தில் எந்த மொழியில் எழுதலாம் என்று அந்தப் பத்திரத்திலேயே இருக்கும். ஆகவே லோயர் என்றவுடன் எல்லாரும் உறுதி முடிக்கலாம் என்றும் இல்லை. சமாதான நீதவானும் முடிக்க முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர்களில் கேற்றில் பெரிய எழுத்தில் "அகில இலங்கை சமாதான நீதவான்" என்று பலகை தொங்கும், சனம் அவரையே நீதவான் என்று நினைத்துக் காணிக் கடதாசியோடு போய் நிற்கும். அவர் சத்தியக்கடதாசியை அத்தாட்சிப்படுத்தலாம், பிரதியை உறுதிப்படுத்தலாம், அவ்வளவுதான்.

2005இல், சுனாமிக்கு அடுத்த வருடம், கல்லடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என் கந்தோருக்கு வந்தார். சீலைத் தலைப்புக்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் நாலாக மடித்த தாள், மடிப்பெல்லாம் ஸெலோரேப். உப்புத் தண்ணீரில் ஊறி மை பரவியிருந்தது, ஆனாலும் வாசிக்கலாம். என்ன அழகான தமிழ் தெரியுமா, சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும் என்று எழுதி, நாலு பக்க எல்லையும் பிசகாமல் சொல்லி, முத்திரைக்கு மேலே விற்றவரின் பெருவிரல் அடையாளம், கீழே இரண்டு சாட்சி, ஒரு சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை. நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறுதி இலக்கம் இல்லை. கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சி இல்லை. தாலிக்கொடியை விற்று வாங்கிய காணி. விற்றவர் சுனாமியில் போய்விட்டார், அவருடைய பிள்ளைகள் இப்போது காணி எங்களுடையது என்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் எதிர் ஆட்சியாக, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் தன் காணிபோல, இருந்திருந்தால் ஆட்சியுரிமை கேட்டுப் பார்க்கலாம், அம்மா இருந்ததோ ஏழு வருடம். கடைசியில் அந்தப் பிள்ளைகளோடு பேசி, இன்னொரு தொகை கொடுத்து, முறையாக உறுதி முடித்தோம். ஒரே காணிக்கு இரண்டு தரம் காசு. எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன், அவர் நல்ல மனிசன், காசுகூட வாங்கவில்லை ஐயா என்றார் அம்மா. நம்புகிறேன், நல்ல மனிசனாகத்தான் இருந்திருப்பார்.

தம்பி, உங்களுக்குக் காணி விற்றவர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் சித்தப்பாவின் எல்லைக்கு முதல் இதைப் பாருங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போய் முறையான உறுதி எழுத இன்றைக்கும் தடையில்லை. உங்களுக்காக அந்த உறுதியில் ஒப்பமிட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம், அதற்கு அது சரியான கருவிதான். டோஹாவில் உள்ள நம் தூதரகத்தில் ஒப்பமிட்டு அத்தாட்சி பெறுங்கள், இங்கே வந்ததும் பதிவு செய்யுங்கள். என்ன காரியத்துக்கு என்று ஒன்றொன்றாக எழுதுங்கள், "எல்லாம் செய்யலாம்" என்று எழுதி எவர் கையிலும் கொடுக்காதீர்கள், அப்பா கையிலும்தான். அப்புறம் அந்தத் துண்டு பேமிற் காணியாக இருந்தால் இது வேறு விஷயம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, எழுதினாலும் அது வெறும் கடதாசி. அம்பாறை மாவட்டத்தில் வயல் காணி பலவும் இந்த வகைதான். உங்கள் கடதாசியைப் பார்க்காமல் எது என்று நான் சொல்ல முடியாது.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றுக்கும் லோயர் பிடிக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள், எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வழக்கை நீங்களே நின்று பேசலாம், அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரையே தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்டு வரும் பெண்கள் எத்தனையோ பேர் தனியாகவே வந்து கட்டளை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மத்தியஸ்த சபைக்குள் கட்சிக்காரருக்காக லோயர் வரவே கூடாது. முஸ்லிம்களின் குடும்ப வழக்கைப் பார்க்கும் காதி நீதிமன்றத்திலும் அப்படித்தான், காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ காதியார் முன் கணவனும் மனைவியும் தாங்களே பேசவேண்டும், அது நியாயமா இல்லையா என்பது வேறு நாளைக்கு. தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகத் தொழிற்சங்கக்காரர் தோன்றலாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாகவே சட்டத்தரணி தருவார்கள்.

அந்தப் பெரியவர் குற்றவாளியா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. பெட்டிசம் எழுதுவது, முறைப்பாட்டைத் துப்புரவாக எழுதிக் கொடுப்பது, எந்தக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று வழி சொல்வது, இதற்குக் கூலி வாங்குவது, இதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஊரில் எழுதத் தெரியாதவர்களுக்கு அவர் செய்வது பெரிய உதவி. அதிகாரப் பத்திரம் இல்லாமல் நொத்தாரிசாக நடந்துகொள்வது குற்றம், தன்னைச் சட்டத்தரணி என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று. அவர் எழுதிய எக்ரிமென்ட் இதில் எந்தப் பக்கம் விழும் என்பது, அவர் தன்னை என்னவென்று சொன்னார், தாளில் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்தது. வெறுமனே எழுதிக் கொடுத்த உதவிக்காரர் என்றால் ஒரு வழக்கறிஞர் அவரை எளிதாகக் காப்பாற்றிவிடுவார்.

ஆனால் உங்களை யார் காப்பாற்றுவது? என்னைப் பற்றி உங்களுக்கு முறைப்பாடு இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு எழுதலாம். நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, வஞ்சனையோ தொழில் முறைகேடோ குற்றமோ செய்த சட்டத்தரணியை மூன்று நீதியரசர்கள் கூடி இடைநிறுத்தலாம், பெயரையே வெட்டலாம். வெட்டவும் செய்திருக்கிறார்கள். நான் முடித்த ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போயாகவேண்டும், நான் செத்தாலும் அங்கே கிடக்கும். அந்தப் பெரியவருக்கு என்னைவிடக் காணிச் சட்டம் தெரிந்திருக்கலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன், எனக்குப் புரொக்சி எழுதப் பழக்கியதே என் சீனியரின் கிளாக்தான். அவர் பிழைவிட்டால் வெட்டுவதற்கு அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, திரும்பிப் போய்ப் பார்க்க எந்தப் பதிவகத்திலும் அவருடைய பிரதி இல்லை.

ஒருவர் சட்டத்தரணிதானா என்று பார்க்கக் கறுப்புக் கோட்டைப் பார்த்து நம்பவேண்டாம், கோட்டு எந்தக் கடையிலும் தைக்கலாம். உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, சட்டத்தரணிகள் சங்கத்தின் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம், நீதிமன்றப் பதிவாளர் கந்தோரில் விசாரித்தாலும் சொல்வார்கள். கேட்டால் கோபிக்கிற லோயர் உங்களுக்கு வேண்டாம். அந்தப் பெரியவரையும் விட்டுவிடாதீர்கள், உங்கள் லோயரிடம் தவணைக்குத் தவணை போய்வர, தாய்க்குத் துணையாக நிற்க, பழைய உறுதியைத் தேடி எடுக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது, அதற்கு ஒரு தொகை பேசிக் கொடுங்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அந்த எக்ரிமென்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வீட்டில் யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். மேலே உறுதி இலக்கம் இருக்கிறதா, கீழே நொத்தாரிசின் அத்தாட்சிப் பந்தி இருக்கிறதா, இல்லையென்றால் விற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று இன்றைக்கே விசாரியுங்கள்.